வெளிச்சுவர் விரிசலை நோண்டுற கொக்கி: எந்தக் கோளாறுக்கு எங்க பாக்கணும்

வெளிச்சுவர்ல ஒரு விரிசல், அதை அடைச்சு பெயின்டும் அடிச்சாச்சு, ஒரு மழையும் ஒரு வெயிலும் போறதுக்குள்ள அதே இடத்துல அதே கோடு திரும்ப வந்து நிக்குது. உடனே நம்ம கோவம் போறது கலவை மேலதான், இது சரியில்ல வேற டப்பா வாங்கலாம்னு. நான் எங்க வீட்டுச் சுவர்ல அடைச்சு, பேத்து, மறுபடி அடைச்சுப் பாத்ததுல மனசுல நல்லா பதிஞ்சது ஒண்ணுதான்: தப்பு பெரும்பாலும் அடைக்கிறதுக்கு முன்னாடியே நடந்து முடிஞ்சுடுது, விரிசலைத் திறக்குற கருவியோட முனையில. முனை சரியா இருந்தா பெரும்பாலான விரிசல்ல சாதாரண சிமென்ட் கலவையே நிக்கும். முனை சரியில்லன்னா எவ்வளவு நல்ல பொருளை வச்சு அடைச்சாலும் பேந்துட்டு வரும்.

கிரைண்டர் வச்சு வெட்டிடலாமேன்னு கேப்பீங்க. வெட்டலாம், ஆனா விரிசல் வளைஞ்சு வளைஞ்சு போகும், டிஸ்க் நேராத்தான் போகும், அதனால நல்லா இருக்குற பூச்சையும் சேத்து வெட்டிடும், தூசி வேற கண்ணு மூக்கெல்லாம் அடைக்கும், சுவருக்குள்ள போற வயர் பைப்பை அது பாத்துட்டு நிக்காது. கையால இழுக்குற கொக்கி விரிசல் போற வழியிலேயே போகும், உள்ள பூச்சு கெட்டியா இருக்கா பொலபொலன்னு இருக்கான்னு கைக்கே தெரியும். அந்தத் தகவல் எந்த மெஷின்லயும் கிடைக்காது.

கொக்கி செய்யற விதத்தை முதல்ல சுருக்கமா சொல்லிடறேன், ஏன்னா கீழ வர்ற கோளாறுல நிறைய இதுல ஏதோ ஒரு படியைத் தாண்டிப் போனதாலதான் வருது. 6 எம்எம் தண்டு இருக்குற பழைய தட்டை முனை ஸ்க்ரூடிரைவர் ஒண்ணு எடுத்துக்கோங்க. பளபளன்னு மேல பூசியிருக்குற முலாமை முனையில இருந்து ஒரு 5 சென்டிமீட்டர் தூரத்துக்கு அரத்தால சுத்தமா எடுத்துடுங்க, முலாமோட சூடு பண்ணா வர்ற புகை மூச்சுக்கு ஆகாது. வெளியில காத்தோட்டமான இடத்துல கேஸ் டார்ச்சால முனையை ஆரஞ்சு சிவப்பு வர்ற வரைக்கும் சூடாக்கி, வைஸ்ல (இரும்பைக் கவ்விப் பிடிக்கிற பட்டறைச் சாமான்) பிடிச்சு, கடைசி 15 எம்எம்மை சுத்தியால தட்டி செங்குத்தா மடக்குங்க. மடக்கினது களைக்கொட்டு மாதிரி இருக்கணும், அதாவது தட்டையான முகம் உங்க பிடியைப் பாத்து இருக்கணும். அப்புறம் அரத்தால முனையோட அடியை 5 எம்எம் அகலமும் அதுக்கு மேல கழுத்துப் பக்கம் 4 எம்எம் அகலமும் வர்ற மாதிரி ராவிடுங்க. அடி கொஞ்சம் விரிஞ்சு கழுத்து குறுகலா இருக்கணும், இந்த வடிவம்தான் முக்கியம், ஏன்னு பின்னாடி சொல்றேன். கடைசியா திரும்ப சூடாக்கி எண்ணெயில முக்கி, பதம் (இரும்போட கெட்டித்தன்மை) பாத்து எடுக்கணும். பிளாஸ்டிக் பிடி சூட்டுல உருகிடும், அதனால முதல்லயே கழட்டிடுங்க, இல்லைன்னா தண்டைச் சுத்தி ஈரத்துணி கட்டுங்க.

இனி கோளாறுக்கு வரேன். கண்ணாடி, தூசி மாஸ்க் ரெண்டும் போடாம எதையும் ஆரம்பிக்காதீங்க, சிமென்ட் பூச்சுத் தூசியில இருக்குற சிலிக்கா நுரையீரல்ல போய் தங்குச்சுன்னா திரும்ப வராது. துணி கட்டிக்கிறது அதுக்குப் போதாது, என்95 மாதிரி மாஸ்க் வேணும். சுவரை ஸ்ப்ரேயர்ல லேசா நனைச்சுக்கிட்டு நோண்டினா தூசி நிறைய அடங்கிடும்.

மடக்கும்போதே டப்புன்னு முறிஞ்சுது

சூடு பத்தல, அவ்வளவுதான் முக்கால்வாசி நேரம். இரும்பு லேசா சிவந்த உடனே மடக்க அவசரப்படுவோம், வைஸ்ல மாட்டுறதுக்குள்ள வைஸோட இரும்பு சூட்டை உறிஞ்சிடும், நாம தட்டும்போது அது கறுத்துப் போயிருக்கும். வைஸ்ல மாட்டிட்டே டார்ச்சைக் காட்டுங்க, இல்லைன்னா ரெண்டு மூணு தடவையா சூடாக்கி சூடாக்கி கொஞ்சம் கொஞ்சமா மடக்குங்க. பகல் வெளிச்சத்துல சிவப்பு சரியா தெரியாது, அதனால நிழல்ல வச்சுப் பாருங்க, கையில ஒரு காந்தமும் வச்சுக்கோங்க. இரும்பு சுமார் 770 டிகிரி செல்சியஸ் தாண்டினா காந்தம் ஒட்டாது. ஒட்டலைன்னா மடக்குறதுக்கு ரெடின்னு அர்த்தம்.

சூடு சரியா இருந்தும் முறிஞ்சா மடிப்போட உள்மூலையைப் பாருங்க. வைஸோட கூரான விளிம்புல வச்சு மடக்கினா உள்மூலை கத்தி மாதிரி மடியும், அங்கதான் வெடிப்பு ஆரம்பிக்கும். வைஸ் விளிம்புல ஒரு சின்ன கம்பித் துண்டை வச்சு அதைச் சுத்தி மடக்குங்க, உள்மூலை கொஞ்சம் உருண்டையா வரணும். பழைய அரத்துல கொக்கி செய்யறவங்களுக்கு இது ரெண்டு மடங்கு முக்கியம். அரம் முழுக்க கெட்டியா பதம் வச்சது, சூடு பண்ணாம பச்சையா மடக்கினா கண்ணாடி மாதிரி தெறிக்கும், அதோட பல்லு ஒவ்வொண்ணும் ஒரு வெட்டு மாதிரி நின்னு அந்த இடத்துல முறியவைக்கும். முதல்ல சிவக்கச் சூடாக்கி சாம்பல்லயோ உலர்ந்த மணல்லயோ புதைச்சு மெதுவா ஆறவிட்டு, மடிப்பு வர்ற இடத்துல பல்லை மொத்தமா ராவி எடுத்துட்டு அப்புறம் மடக்குங்க.

எண்ணெய்க்குப் பதிலா தண்ணியில முக்கி, மறுநாள் பாத்தா மயிரிழை மாதிரி ஒரு கோடு கழுத்துல தெரிஞ்சா அதைத் தூக்கிப் போட்டுடுங்க. அது எப்பவாவது இழுக்கும்போது உடைஞ்சு முகத்தைப் பாத்து வரும்.

இழுக்க இழுக்க கொக்கி நிமிந்துக்குது

இதுக்கு ரெண்டு காரணம் இருக்கலாம். இரும்புல கார்பன் இல்லாம இருக்கலாம், அல்லது பதம் ஏறாம இருக்கலாம். முனையில ஒரு அரத்தை வச்சு இழுத்துப் பாருங்க. அரம் வழுக்கிட்டுப் போனா பதம் ஏறியிருக்கு, கடிச்சுதுன்னா ஏறல. ஏறலைன்னா திரும்ப காந்தம் ஒட்டாத சூடு, அதுக்கும் மேல இன்னும் கொஞ்சம் நிறம் கூடுற வரைக்கும் கொண்டுபோய் உடனே எண்ணெயில முக்குங்க, டார்ச்சை வச்சுட்டு நடந்து போய் எண்ணெயைத் தேடுனா வழியிலேயே ஆறிடும். எண்ணெய் இரும்பு டப்பாவுல இருக்கணும், பக்கத்துலயே மூடி இருக்கணும், சில சமயம் மேல தீ பிடிக்கும், மூடினா அணைஞ்சுடும். அதுல மட்டும் தண்ணி ஊத்திடாதீங்க.

ரெண்டு தடவை செஞ்சும் அரம் கடிக்குதுன்னா அது சாதாரண கட்டுமானக் கம்பி மாதிரி கார்பன் கம்மியான இரும்பு, அது எத்தனை தடவை முக்கினாலும் கெட்டியாகாது. கிரைண்டர்ல தொட்டுப் பாத்தாலும் தெரியும், கார்பன் கம்மின்னா பொறி நீளமா கோடா போகும், கார்பன் நிறைய இருந்தா பொறி பூவாணம் மாதிரி நுனியில கிளை கிளையா வெடிக்கும்.

வேற இரும்பு கிடைக்கலைன்னா வடிவத்துலயே சரிக்கட்டலாம். கொக்கியோட நீளம் 25 எம்எம்னா அதை 15 ஆக்குங்க, அதே இழுப்புக்கு மடிப்புல விழற பாரம் 40 சதவீதம் குறையும். வெளிப்பூச்சே வழக்கமா 15லேருந்து 20 எம்எம்தான் இருக்கும், காடி, அதாவது விரிசலை நோண்டி எடுக்குற வாய்க்கால் மாதிரியான பள்ளம், 10 எம்எம் ஆழம் இருந்தாலே பெரும்பாலும் போதும், நீளமான கொக்கியால லாபம் ஒண்ணும் இல்ல.

துத்தநாக முலாம் பூசின கம்பி, ஜிஐ பைப் துண்டு இதையெல்லாம் சூடாக்கி கொக்கி செய்ய வேண்டாம்னு இங்கயே சொல்லிடறேன். அந்தத் துத்தநாகப் புகை மூச்சுல போனா சில மணி நேரத்துல குளிரும் காய்ச்சலும் வரும்.

நிமிரல, ஆனா முனை பொத்துன்னு உடையுது

எண்ணெயில முக்கின உடனே நேரா சுவருக்குப் போயிட்டீங்க. முக்கி எடுத்த இரும்பு ரொம்ப கெட்டி, அதே அளவுக்கு நொறுங்கும், பதத்தைக் கொஞ்சம் இறக்கணும். முனையை உப்புத்தாள்ல தேச்சு பளிச்சுன்னு ஆக்கிட்டு, டார்ச்சை முனையில காட்டாம கழுத்துக்குப் பின்னாடி மெதுவா காட்டுங்க. பளிச்சுன்னு இருக்குற இடத்துல நிறம் ஓடிவரும்: முதல்ல வைக்கோல் மஞ்சள், அது சுமார் 220லேருந்து 230 டிகிரி, அப்புறம் பழுப்பு, அப்புறம் 280 வாக்குல ஊதா, 300ல நீலம். மடிப்பும் கழுத்தும் நீலமா, முனை பழுப்புக்கும் ஊதாவுக்கும் நடுவுல இருக்கும்போது டார்ச்சை எடுத்துட்டு தண்ணியில முக்கிடுங்க. மஞ்சள்ல நிறுத்தினா முனை நல்லா கூர் நிக்கும், ஆனா நெம்பும்போது உடையும். நாம இந்தக் கொக்கியை எப்படியும் நெம்பத்தான் போறோம், அதனால கொஞ்சம் மென்மை இருக்குறதே நல்லது. இந்த நிறம் ஓடறதைப் பாக்குறது எனக்கு ரொம்பப் பிடிச்ச வேலை, அஞ்சே நிமிஷம்தான் ஆகும், அவசரப்படாம செய்யுங்க.

ரெண்டு அடி இழுக்குறதுக்குள்ள மழுங்கிடுது

கொஞ்சம் மழுங்கத்தான் செய்யும். பூச்சுல இருக்குறது மணல், மணல்ல பெரும்பாலும் குவார்ட்ஸ், அது கெட்டியான எஃகுக்கே சரிக்குச் சரி நிக்கும். ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டருக்கு ஒரு தடவை அரத்தால நாலு இழுப்பு கொடுத்துட்டுத் தொடர்றது வழக்கம்னு எடுத்துக்கோங்க, அதைக் கோளாறா நினைக்க வேண்டாம். அரம் கடிக்காத அளவு கெட்டியா இருந்தா ஆயில் கல்லு வச்சு தேயுங்க.

ஆனா ரெண்டு அடிக்குள்ள மழுங்குதுன்னா, நீங்க கிரைண்டர்ல கூர் தீட்டும்போது முனை நீலமாச்சான்னு யோசிச்சுப் பாருங்க. நீலமாயிருந்தா அங்க பதம் போச்சு. அந்த நீலம் பட்ட பாகத்தை முழுசா ராவி எடுத்துட்டு உள்ள இருக்குற நல்ல இரும்புக்குப் போங்க, இந்தத் தடவை ரெண்டு நொடிக்கு ஒரு தடவை தண்ணியில முக்கி முக்கித் தீட்டுங்க, விரல்ல பிடிக்க முடியாத சூடு வந்தாலே நிறுத்திடுங்க.

ரொம்ப நீளமான வேலைன்னா இன்னொரு வழி இருக்கு. சுவர்ல ஓட்டை போட்டு மழுங்கிப்போன பழைய 6 எம்எம் கான்கிரீட் டிரில் பிட் கெடந்தா தூக்கிப் போடாதீங்க. அதோட நுனியில பத்த வச்சிருக்குறது டங்ஸ்டன் கார்பைடு, மணலை விட கெட்டி. அதை ஒரு மரப்பிடியில அறைஞ்சு, பிட்டைச் சாய்ச்சுப் பிடிச்சு விரிசல் மேல இழுத்தா முதல் கோடு அழகா விழும். அகலப்படுத்தவும் அடியை விரிக்கவும் மட்டும் கொக்கியை எடுங்க. கார்பைடை சாதாரண கிரைண்டிங் கல்லுல தீட்ட முடியாது, பச்சை நிறக் கல்லோ டைமண்டோ வேணும்.

கொக்கி விரிசலை விட்டுட்டு தன் போக்குல ஓடுது

கொக்கியை சமதளமான மேஜை மேல படுக்க வச்சு முனை ஒரு பக்கம் திரும்பியிருக்கான்னு பாருங்க. மடக்கும்போது தண்டு லேசா முறுக்கினாக்கூட இழுக்கும்போது எப்பவும் ஒரே பக்கம் ஓடும். திரும்ப சூடாக்கி நேராக்கணும், பச்சையா தட்டி நேராக்கப் பாத்தா உடையும், நேராக்கின பிறகு பதம் வைக்கிறதை முதல்லேருந்து செய்யணும்.

கொக்கி நேராத்தான் இருக்குன்னா நீங்க இழுக்குற முறை. மயிரிழை விரிசல்ல 5 எம்எம் முனை நேரா இறங்காது, மேலயே வழுக்கும். கொக்கியைச் சாய்ச்சு அதோட ஒரு மூலையை மட்டும் விரிசல்ல விட்டு முதல்ல ஒரு மெல்லிய வழி போடுங்க, அஞ்சு அஞ்சு சென்டிமீட்டரா, நீளமா இழுக்காம. வழி விழுந்தப்புறம் முழு முனையும் அதைப் பிடிச்சுக்கிட்டு வரும். எப்பவும் உங்களைப் பாத்து இழுங்க, தள்ளாதீங்க, ஏணியில நிக்கும்போது தள்ளினா கொக்கி வழுக்கின உடனே உடம்பும் பின்னாடியே போகும். ஏணியை நாலு அடி உயரத்துக்கு ஒரு அடி வெளிய தள்ளி வைக்கணும்ங்கிற கணக்கை விட்டுடாதீங்க, கை எட்டலைன்னா எட்டிப் பிடிக்காம இறங்கி ஏணியை நகர்த்துங்க.

ஓரமெல்லாம் சில்லு சில்லா பேந்து காடி பள்ளமாயிடுது

விரல் முட்டியாலயோ பிடியோட அடிக்கட்டையாலயோ விரிசலுக்கு ரெண்டு பக்கமும் தட்டிப் பாருங்க. கிண்ணுன்னு கெட்டியா கேட்டா பூச்சு செங்கல்லைப் பிடிச்சிருக்கு, டொக்குன்னு பொள்ளலா கேட்டா பூச்சு உள்ள விட்டுப்போச்சு. பொள்ளலா கேக்குற இடத்துல கொக்கிக்கு வேலையே இல்ல, சத்தம் மாறுற இடம் வரைக்கும் சாக்பீஸால கோடு போட்டு அந்தப் பூச்சை மொத்தமா உளி வச்சு எடுத்துட்டு புதுசா பூசணும். அதுமேல விரிசலை மட்டும் அடைச்சா கொஞ்ச நாள்ல அடைப்போட சேந்து பூச்சும் கீழ வரும்.

பூச்சு கெட்டியா இருந்தும் ஓரம் பேருதுன்னா முனையோட சாய்வு தப்பு. மடிப்பு செங்குத்தைத் தாண்டி உள்பக்கமா, மீன் தூண்டில் மாதிரி போயிருந்தா முனை ஒவ்வொரு இழுப்புக்கும் ஆழமா கடிச்சு, சிக்கி, அப்புறம் ஒரு துண்டைப் பேத்துட்டு வரும். முனையோட முகத்தை, பிடியைப் பாத்து இருக்குற முகத்தை, நுனி கொஞ்சம் பின்வாங்கி இருக்குற மாதிரி ராவுங்க, அப்ப அது கடிக்காம சுரண்டும். வேலை மெதுவாகும், காடி சுத்தமா வரும். அதோட பெயின்ட் தடிப்பா இருந்தா முதல்ல கட்டர் கத்தியால ரெண்டு பக்கமும் 6 எம்எம் இடைவெளியில கோடு போட்டுக்கிட்டு நோண்டுங்க, இல்லன்னா பெயின்ட் தோல் உரியற மாதிரி உரிஞ்சு பூச்சோட மேல் தோலையும் இழுக்கும். ரொம்ப பழைய வீட்டோட பெயின்ட்ல ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு, நனைச்சுத்தான் சுரண்டணும், விழுந்ததைப் பெருக்காம ஈரத்தோட வழிச்சு எடுக்கணும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்ல இந்தக் கொக்கியை வைக்கவே கூடாது.

பிடி சுத்துது, கை நோவுது

தண்டு உருண்டையா இருக்கு, அதான் சுத்துது. பிடிக்குள்ள போற பாகத்தை ரெண்டு பக்கமும் தட்டையா ராவி அறைங்க, குறுக்க ஒரு ஓட்டை போட்டு ஆணி அடிச்சு ரெண்டு பக்கமும் மடக்கிட்டா இன்னும் நல்லது. பிடி மண்வெட்டிக் காம்பு கனத்துக்கு இருக்கட்டும், ஒல்லிப் பிடியை இறுக்கிப் பிடிச்சாத்தான் விரல் நோவும். உயரத்துல இருக்குற விரிசலுக்கு நீளக் குச்சியில கட்டலாம்னு தோணும். நானும் கட்டிப் பாத்தேன், குச்சி வளையுது, முனை சுவர்ல அழுந்த மாட்டேங்குது, கீழ நின்னு பாக்குறப்ப காடி ஆழம் போச்சா இல்லையான்னே தெரியல. ஏணியோ சாரமோ போட்டு பக்கத்துல போய்ச் செய்யறதுதான் வேலை.

அடைச்சது பேந்துட்டு வருது, இல்ல ஓரத்துல திரும்ப கோடு விழுது

இதுதான் எல்லாருக்கும் வர்ற கோளாறு, இதைத்தான் பொறுமையா பாக்கணும். பேந்த துண்டைத் தூக்கிப் போடாதீங்க, கையில எடுத்து திருப்பிப் பாருங்க, அதோட முதுகுல எல்லாம் எழுதியிருக்கும்.

துண்டு ஆப்பு மாதிரி, மேல அகலமா கீழ கூரா இருக்கா? அப்ப காடி V வடிவத்துல விழுந்திருக்கு. V காடியில ஓரம் ரெண்டும் மெலிசா இருக்கும், அந்த மெலிசான ஓரம் முதல்ல காய்ஞ்சு தூக்கும், அடியில பிடிச்சுக்க ஒண்ணும் இல்லாததால மொத்தமும் ஆப்பு கழன்ட மாதிரி கழன்டு வரும். V ஏன் விழுந்ததுன்னா முனை மழுங்கி உருண்டையாயிடுச்சு, அல்லது முனை ஆரம்பத்துலேருந்தே ஆணி மாதிரி கூரா இருந்துச்சு. முனையைச் சதுரமா ராவி 5 எம்எம் அடி, 4 எம்எம் கழுத்துக்குத் திரும்பக் கொண்டுவாங்க. முதல்ல நேரா நோண்டி 6 எம்எம் அகலம், 10 எம்எம் ஆழம் எடுத்துட்டு, அப்புறம் கொக்கியை இடது பக்கம் கொஞ்சம் சாய்ச்சு ஒரு இழுப்பு, வலது பக்கம் சாய்ச்சு ஒரு இழுப்பு. காடி குடம் மாதிரி ஆகிடும், வாய் சின்னது வயிறு பெருசு. அதுல இறங்கின சிமென்ட் கலவை இறுகிட்டா வெளிய வர வழி கிடையாது. முனையோட அடியை விரிச்சு வைக்கச் சொன்னது இதுக்குத்தான்.

துண்டோட முதுகுல மாவு மாதிரி பொடி ஒட்டியிருக்கா? காடியைச் சுத்தம் பண்ணல. நோண்டின தூசி அடியிலேயே தங்கி கலவை அந்தத் தூசியைப் பிடிச்சுது, சுவரைப் பிடிக்கல. பழைய டூத்பிரஷ்ஷோ பெயின்ட் பிரஷ்ஷோ வச்சு மேலேருந்து கீழ தேச்சு எடுத்துட்டு தண்ணியால கழுவி விடுங்க. கழுவிக் கழுவி மாவு வந்துக்கிட்டே இருந்தா பூச்சே செத்துப்போச்சு, இன்னும் ஆழமா போகணும்.

முதுகு வழவழன்னு கண்ணாடி மாதிரி இருக்கா? பழைய பெயின்ட்டோ பழைய சீலன்ட்டோ (ரப்பர் மாதிரி இழுபடற அடைப்புப் பசை) காடிச் சுவர்ல ஒட்டிக்கிட்டு இருந்திருக்கு, கொக்கி நடுவுல மட்டும் போயிருக்கு. ரெண்டு பக்கச் சுவரும் சொரசொரன்னு வெறும் பூச்சா தெரியற வரைக்கும் சுரண்டணும்.

பொடியும் இல்ல வழவழப்பும் இல்ல, ஆனா துண்டு சுண்ணாம்புக்கட்டி மாதிரி விரல்லயே நொறுங்குதுன்னா தண்ணி விஷயம். காய்ஞ்ச சுவர் கலவையோட தண்ணியைக் குடிச்சுடும், சிமென்ட் இறுகத் தண்ணி கிடைக்காது. அடைக்கிறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி காடியை நல்லா நனைச்சு விடுங்க, அடைக்கும்போது உள்ள ஈரம் இருக்கணும், தண்ணி நிக்கக்கூடாது. ஒரு பங்கு சிமென்ட்டுக்கு மூணு பங்கு சலிச்ச மணல், கலக்குற தண்ணியில எஸ்பிஆர் லேடெக்ஸ் (பால் மாதிரி இருக்குற ரப்பர் திரவம்) சேத்தா பிடிப்பு கூடும். கலவையை மேல தடவிட்டுப் போகாதீங்க, காடியை விட ஒல்லியான ஒரு தகட்டை வச்சு உள்ள குத்திக் குத்தி அழுத்தி ரெண்டு தடவையா நிரப்புங்க. கொக்கியோட மறு நுனியையே தட்டையாக்கி 4 எம்எம் அகலத்துக்கு வச்சுக்கிட்டா தனியா ஒண்ணு தேட வேண்டாம். அப்புறம் மூணு நாளாவது ஈரம் காயாம பாத்துக்கோங்க, வெயில் நேரா படற சுவர்னா ஈரச் சாக்கைத் தொங்க விடுங்க.

இப்ப கடைசி வகை, இதுலதான் நான் ரொம்ப நாள் ஏமாந்தேன். அடைப்பு பேரல, கெட்டியா இருக்கு, ஆனா அதுக்கு நட்டநடுவுலயோ ஒரு ஓரமா நேராவோ புது கோடு. காடி சரி, கலவை சரி, சுவர்தான் அசையுது. கான்கிரீட் ஒரு டிகிரி சூட்டுக்கு மீட்டருக்கு சுமார் 0.01 எம்எம் நீளும், அப்ப 5 மீட்டர் நீளம் 30 டிகிரி வித்தியாசத்துல 1.5 எம்எம் நீளுது சுருங்குது. செங்கல் சுவர் அந்த அளவுக்கு நீளாது, அதனாலதான் கான்கிரீட் பீமும் செங்கல் சுவரும் சேர்ற இடத்துல கோடு போட்ட மாதிரி படுக்கையா விரிசல் வரும். அங்க சிமென்ட் போட்டா எத்தனை தடவை போட்டாலும் வெடிக்கும், அதுக்கு இழுபடத் தெரியாது. சீலன்ட்தான் போடணும், அதுக்குக் காடியோட வடிவமே வேற. குடம் மாதிரி வேண்டாம், ரெண்டு சுவரும் நேரா இணையா இருக்கணும், அகலம் கூடவும் வேணும். 6 எம்எம் காடியில 1.5 எம்எம் அசைவுன்னா 25 சதவீதம், 25 சதவீதம் தாங்கும்னு போட்டிருக்குற சீலன்ட்டுக்கே அது எல்லை. அதே காடியை 10 எம்எம் ஆக்குங்க, 15 சதவீதம்தான் ஆகுது, சீலன்ட் நிம்மதியா இருக்கும். அதனால இதுக்குன்னு 8 எம்எம் முனையில, அடி விரியாம நேரா, இன்னொரு கொக்கி செஞ்சு வச்சுக்கோங்க.

சீலன்ட் காடியோட ரெண்டு பக்கச் சுவர்லதான் ஒட்டணும், அடியில ஒட்டக்கூடாது. மூணு பக்கமும் ஒட்டினா இழுபட இடமில்லாம நடுவுல கிழியும். ஆழம் இருந்தா காடி அகலத்தை விட கால்வாசி கூடுதல் தடிப்பான ஃபோம் கயிறை உள்ள திணிச்சு அதுக்கு மேல போடுங்க, பூச்சு மெலிசா இருந்து கயிறுக்கு இடமில்லன்னா பிளாஸ்டிக் டேப்பைக் காடி அகலத்துக்கு நறுக்கி அடியில ஒட்டிட்டுப் போடுங்க. சீலன்ட்டோட ஆழம் அகலத்துல பாதி இருக்கலாம், 6 எம்எம்முக்குக் குறைய வேண்டாம். சிமென்ட்டுக்கு நனைக்கச் சொன்னேன், இங்க நேர் எதிர், பெரும்பாலான சீலன்ட்டுக்குக் காடி நல்லா காய்ஞ்சிருக்கணும், கழுவினா ரெண்டு நாளாவது விட்டுட்டுப் போடுங்க. மேல பெயின்ட் அடிக்கணும்னா சிலிக்கான் வாங்கிடாதீங்க, அதுமேல பெயின்ட் நிக்காது, அக்ரிலிக்கோ பெயின்ட் ஏத்துக்கிற பாலியூரித்தேனோ பாருங்க.

நோண்டும்போது பிளாஸ்டிக் மாதிரி ஏதோ தட்டுது

உடனே நிறுத்திட்டு மெயினை ஆஃப் பண்ணுங்க. வெளி லைட்டுக்கோ மோட்டாருக்கோ போற வயர் பைப்பா இருக்கும். விரிசல் ஒரு சுவிட்ச்லேருந்தோ லைட் பாயின்ட்லேருந்தோ நேர்கோடா கிளம்பியிருந்தா அது அசைவு விரிசல்கூட இல்ல, பைப்புக்காக வெட்டி அடைச்ச பழைய காடி வாய் திறக்குதுன்னு அர்த்தம். 5 எம்எம் ஆழத்துக்கு மேல போகாதீங்க, ஃபைபர் மெஷ் பட்டையைக் கலவைக்குள்ள பதிச்சு மேலாப்ல மூடுங்க.

கொக்கி இரும்புல இடிக்குது, பழுப்பா தூள் வருது

இங்க உங்க கொக்கியோட வேலை முடிஞ்சுது. பீம், தூண், சன்ஷேடு இதுல நீளவாக்குல விரிசல் வந்து துருக்கறை இறங்குதுன்னா உள்ள கம்பி துருப்பிடிச்சு ஊதுது, துரு அது சாப்பிட்ட இரும்பை விடப் பல மடங்கு இடம் கேக்கும், அந்த அழுத்தம்தான் கான்கிரீட்டைப் பிளக்குது. இதை வெளியேருந்து அடைச்சா உள்ள ஈரத்தோட மூடி வைக்கிறோம், அவ்வளவுதான். அதே மாதிரி விரிசலோட ஒரு பக்கம் இன்னொரு பக்கத்தை விட முன்னாடி தள்ளி நின்னாலும், ஜன்னல் மூலையிலேருந்து குறுக்கா செங்கல் வரிசையோட படிப்படியா இறங்கினாலும், 5 எம்எம்முக்கு மேல அகலமா இருந்தாலும் நோண்ட வேண்டாம், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருத்தர் வந்து பாக்கட்டும்.

அவர் வர்றதுக்குள்ள நீங்க செய்ய வேண்டியது, விரிசலோட ரெண்டு நுனியிலும் பென்சிலால குறுக்க ஒரு கோடு போட்டு பக்கத்துல தேதி எழுதுங்க, அகலமான இடத்துல ஸ்கேல் வச்சு ஒரு போட்டோ எடுங்க, மாசம் ஒரு தடவை அதே இடத்துல அதே மாதிரி எடுங்க. விரிசல் கோட்டைத் தாண்டிப் போயிருந்தா அவருக்கு அதுதான் முதல்ல வேணும். ஏற்கெனவே கொஞ்சம் நோண்டிட்டீங்கன்னா அந்த வாயைத் திறந்து விடாதீங்க, மழைத்தண்ணி உள்ள இறங்காத மாதிரி மேலயும் ரெண்டு பக்கமும் டேப் ஒட்டி ஒரு பிளாஸ்டிக் ஷீட் தொங்க விடுங்க, கீழ்ப்பக்கத்தை மட்டும் ஒட்டாம விட்டா உள்ள இருக்குற ஈரம் வெளிய போக வழி இருக்கும்.